ஓவர்கிளாக்கிங்: நிலையின்மையும் அதைக் கண்டறிதலும்

கணினிச் செயலியைத் தயாரிப்பாளர் குறித்த அளவைவிடக் கூடுதலான அதிர்வெண்ணில் ஓட்டுவது ஓவர்கிளாக்கிங் எனப்படும். ஒவ்வொரு கடிகாரத் துடிப்புக்குள்ளும் மின்குறிகள் தம் பாதையைக் கடந்து முடித்தாக வேண்டும். துடிப்புகள் நெருங்கினால், நீண்ட பாதையில் செல்லும் குறி பிந்தித் தவறான பிட் பதிவாகிறது. நீலத்திரை, தானாக மறுதொடக்கம், உறைந்துபோதல் ஆகியவை இதன் அறிகுறிகள். எந்த அறிகுறியும் இல்லாமல் கணக்கு மட்டும் தவறுவதே மிகக் கொடியது.

1984இல் வந்த ஐபிஎம் பிசி ஏடியிலேயே இப்பழக்கம் இருந்தது. பலகையில் கடிகாரத் துடிப்பைத் தந்த 12 மெகாஹெர்ட்ஸ் படிகத்தைக் கழற்றி 16 மெகாஹெர்ட்ஸ் படிகம் பொருத்தினால், 6 மெகாஹெர்ட்ஸ் செயலி 8இல் ஓடியது. ஐபிஎம் பின்னர் கணினியைத் தொடக்கும் நிரலான பயாஸில் வேகச் சோதனை சேர்த்து இதைத் தடுத்தது.

வீடுகளில் இதைப் பரப்பிய பெருமை, இன்டெல் 1998 ஆகஸ்டில் வெளியிட்ட செலரான் 300ஏ செயலிக்கே உரியது. பஸ் வேகத்தைப் பெருக்கிச் செயலியின் வேகத்தைத் தரும் அதன் பெருக்கெண் 4.5 என்று பூட்டப்பட்டிருந்தது. ஆகவே பஸ் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹெர்ட்ஸாக உயர்த்தினர். செயலி 450இல் ஓடியது. 128 கிலோபைட் கேஷ் நினைவகம் அதே சில்லில் முழு வேகத்தில் இயங்கியதால், விலை பல மடங்கான பென்டியம் II 450க்குப் பல பணிகளில் அது ஈடுகொடுத்தது. அபிட் பிஎச்6 தாய்ப்பலகையில் ஜம்பரைத் தொடாமல் பயாஸ் திரையிலேயே பஸ் வேகத்தையும் மின்னழுத்தத்தையும் மாற்ற முடிந்தது. அந்த வசதி இல்லாத பலகைகளில், செயலி அட்டையின் பி21 முனையை ஒட்டுநாடாவால் மறைத்து 100ஐத் தேர்வுசெய்ய வைத்தனர்.

கோளாறு தேடுவோர்க்கு அக்காலம் தந்த முதன்மையான பாடம் 83 மெகாஹெர்ட்ஸ் பஸ்ஸில் கிடைத்தது. அங்கே துணை அட்டைகளையும் வன்தட்டுக் கட்டுப்படுத்தியையும் இணைக்கும் பிசிஐ பஸ்ஸுக்கு அதில் பாதி, அதாவது 41.5 மெகாஹெர்ட்ஸ், போய்ச் சேர்ந்தது. விதித்த அளவோ 33. வன்தட்டில் கோப்புகள் சிதைந்தன, பழி செயலிமேல் விழுந்தது. 100இல் மூன்றில் ஒரு பங்கே செல்வதால் பிசிஐ தன் அளவில் நின்றது. கூடுதல் வேகமே பல கணினிகளில் பாதுகாப்பானதாக அமைந்தது.

கண்டறியும் முறை இதிலிருந்தே பிறக்கிறது. முதலில் எல்லா அமைப்புகளையும் இயல்புநிலைக்குக் கொண்டுவர வேண்டும். அப்போதும் கோளாறு நீடித்தால் காரணம் வேறு. அடுத்து நினைவகத்தை அதன் இயல்பு வேகத்திலேயே வைத்து மெம்டெஸ்ட்86+ கொண்டு சோதித்து, பிறகு செயலியின் வேகத்தை மட்டும் படிப்படியாக ஏற்ற வேண்டும். ஒரே நேரத்தில் இரண்டை மாற்றினால் எது காரணம் என்பது தெரியாது. மின்னழுத்தம் கூட்டினால் டிரான்சிஸ்டர்கள் விரைவாக மாறும். ஆனால் மின்திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது, வெப்பமோ குறிகளைத் தாமதப்படுத்துகிறது. எனவே குளிர்விப்பு போதாத இடத்தில் மின்னழுத்தமே நிலையின்மையைக் கூட்டும். சுமை ஏறி வெப்பம் உச்சத்தைத் தொடும்போது கணினி விழுந்தால் குளிர்விப்பையும், சும்மா இருக்கும்போது விழுந்தால் குறைசுமை மின்னழுத்தத்தையும் முதலில் பார்ப்பது நல்லது.

மெர்சென் பகாஎண்களைத் தேட ஜார்ஜ் வோல்ட்மன் எழுதிய பிரைம்95, விடைகளை முன்பே அறிந்த மதிப்புகளோடு ஒப்பிடுவதால் சிறந்த சோதனையாகிறது. அதில் ஒரு பிழை வந்தாலே, விளையாட்டுகள் தடையின்றி ஓடினாலும், அந்த அமைப்பு நிலையற்றதே. பயாஸ் திரையே வராவிட்டால் அமைப்புகளைச் சேமிக்கும் சிமாஸின் ஜம்பர் வழியாகவோ அதன் மின்கலத்தைக் கழற்றியோ அவற்றை அழிக்கலாம்.

2010 முதல் இன்டெல் தன் முதன்மை வரிசையில் பெருக்கெண் பூட்டில்லாத கே வகைகளை விற்கிறது. இன்றைய செயலிகள் பெரும்பாலும் தாமே வேகத்தை ஏற்றிக்கொள்கின்றன.