தந்தி முதல் திறன்பேசி வரை: இடையில் நின்ற மனிதர்கள்

தகவல் தொழில்நுட்பத்தின் வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவே எழுதப்படுகிறது. எந்த ஆண்டில் எந்தக் கருவி வந்தது, அதன் வேகம் என்ன, விலை என்ன என்பன அதில் இருக்கும். கருவிக்கும் அதைப் பயன்படுத்தியவருக்கும் இடையில் நின்ற மனிதரைப் பற்றி அதில் அதிகம் இருக்காது. தமிழ்நாட்டின் சிற்றூர்களில் மிக நீண்ட காலம் சாதாரண மக்கள் எந்தத் தொலைத்தொடர்புக் கருவியையும் தம் கையால் இயக்கியதில்லை. தபால்காரர், பள்ளி ஆசிரியர், தொலைபேசிக் கடைக்காரர் என யாராவது ஒருவர் மூலமாகவே அது அவர்களுக்குப் பயன்பட்டது. அந்த மனிதர் எப்படி விலகினார், அவர் விலகிய இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பதை இக்கட்டுரை பார்க்கிறது.

தந்தியும் மணியார்டரும்

இந்தியாவின் முதல் தந்தித் தடம் 1850ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டைமண்ட் ஹார்பருக்கும் இடையே சோதனைக்காக அமைக்கப்பட்டது. தொடக்கத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் அலுவல்களுக்கு உதவிய இச்சேவை, சில ஆண்டுகளில் பொதுமக்களுக்கும் திறந்துவிடப்பட்டது. சொல்லுக்கு இவ்வளவு என்று கட்டணம் இருந்ததால் செய்தி மிகச் சுருக்கமாக இருக்கும். நம் ஊர்களுக்கு வந்த தந்திகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருந்தன. அனுப்புபவருக்கும் எழுதத் தெரியாது, பெறுபவருக்கும் படிக்கத் தெரியாது. இரு பக்கமும் ஒரு படித்தவர் தேவைப்பட்டார்.

சாவுச் செய்திதான் தந்தியில் வரும் என்பது அக்கால நம்பிக்கை. என் சிறு வயதில் எங்கள் தெருவில் ஒரு வீட்டுக்குத் தந்தி வந்தது. உறையைப் பிரிக்கும் முன்பே அந்த வீட்டுப் பெண்கள் மாரடித்து அழத் தொடங்கிவிட்டனர், தெருவே கூடிவிட்டது. பள்ளியிலிருந்து ஆசிரியரை அழைத்து வந்து படிக்கச் சொன்னபோதுதான், இராணுவத்தில் இருந்த மகன் விடுப்பில் வருகிறான் என்பது தெரிந்தது. அந்த ஆசிரியருக்கு அன்று கிடைத்த மரியாதையைப் பார்த்துத்தான் நானும் ஆசிரியராக ஆசைப்பட்டேன் என்று பிற்காலத்தில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

1880இல் தொடங்கிய மணியார்டரும் இப்படித்தான். பணத்துடன் வரும் படிவத்தின் அடியில் சில வரிகள் எழுதும் இடம் இருக்கும். தபால்காரர் பணத்தை எண்ணிக் கொடுப்பார், மை தடவிக் கைநாட்டு வாங்குவார், அந்த வரிகளையும் படித்துக் காட்டுவார். எந்த வீட்டில் மகன் பணம் அனுப்புகிறான், எந்த வீட்டில் நிறுத்திவிட்டான் என்பது அவருக்குத் தெரியும். சிலர் அதை வெளியே சொல்லாமல் காத்தனர், சிலர் காக்கவில்லை.

தந்திச் சேவை 2013 ஜூலை 14 அன்றுடன் முடிவுக்கு வந்தது. அன்று வரை தந்தியே கொடுத்தறியாத பல இளைஞர்கள், கடைசி நாளில் தந்தி அலுவலகங்களில் வரிசையில் நின்று நினைவுக்காக ஒன்று அனுப்பிக்கொண்டனர்.

மஞ்சள் பலகையும் பிரவுசிங் சென்டரும்

1984இல் நிறுவப்பட்ட சி-டாட் நிறுவனம், இந்தியக் கிராமங்களின் வெயிலையும் தூசியையும் தாங்கக்கூடிய சிறு தொலைபேசி இணைப்பகங்களை உருவாக்கியது. இதன் பயனாக 1980களின் இறுதியிலிருந்து எஸ்.டி.டி. என்று எழுதிய மஞ்சள் பலகைகள் ஊர் தோறும் தோன்றின. இந்தத் தொலைபேசி நிலையங்களை ஒதுக்குவதில் மாற்றுத்திறனாளிகளுக்கு முன்னுரிமை தரப்பட்டது. பல குடும்பங்கள் அதனால் பிழைத்தன.

கண்ணாடிக் கதவு போட்ட சிறு அறை, சிவப்பு எண்களில் ஓடும் கட்டண மீட்டர், பேசி முடித்ததும் வரும் ரசீது ஆகியவற்றை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். இரவு ஏற ஏறக் கட்டணம் குறையும் என்பதால் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்து காத்திருப்பார்கள். வீட்டில் தொலைபேசி இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு எண்ணையோ கடை எண்ணையோ 'பி.பி.' என்று குறிப்பிட்டுத் திருமண அழைப்பிதழிலேயே அச்சிடுவர். அழைப்பு வந்தால் கடைக்காரர் ஒரு பையனை ஓடவிட்டு ஆளைக் கூட்டி வரச் செய்வார்.

இதை நினைத்து ஏங்குவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். வளைகுடா நாட்டில் வேலை பார்க்கும் கணவருடன் ஒரு பெண் பேச வேண்டுமானால், கடைக்காரர் காதில் விழும்படியும் வெளியே நிற்பவர்கள் பார்க்கும்படியும்தான் பேச வேண்டியிருந்தது. பல பேச்சுகள் நலம் விசாரிப்போடு முடிந்துபோயின. அவருடைய மகள் இன்று அறைக் கதவைச் சாத்திக்கொண்டு முகம் பார்த்துப் பேசுகிறாள். என் பார்வையில் திறன்பேசி தந்தவற்றுள் மிகப் பெரியது இந்தத் தனிமைதான்.

பொதுமக்களுக்கான இணையச் சேவை இந்தியாவில் 1995 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. முதலில் அதைப் பெற்ற நகரங்களுள் சென்னையும் ஒன்று. சிற்றூர் மாணவர்களுக்கு அது பிரவுசிங் சென்டர் வழியாக வந்தது. பொதுத்தேர்வு முடிவு வெளியாகும் காலையில் பதிவெண்ணை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு மாணவர்கள் கூட்டமாக நிற்பார்கள். மதிப்பெண்ணை முதலில் பார்ப்பவர், அந்தப் பிள்ளைகளை முன்பின் அறியாத கடைப் பையனாக இருப்பார். தோல்வியைச் சத்தமாகப் படிக்காமல், தாளை மட்டும் மடித்துக் கையில் கொடுத்த பையன்களையும் நான் பார்த்திருக்கிறேன்.

கைபேசி

1995 ஜூலை 31 அன்று கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு, டெல்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசியதே இந்தியாவின் முதல் கைபேசி அழைப்பு. அப்போது வருகிற அழைப்புக்கும் கட்டணம் உண்டு. 2003இல் அந்தக் கட்டணம் நீங்கிய பிறகே கைபேசி கூலித் தொழிலாளரின் சட்டைப் பைக்கு வந்தது. கையில் காசு குறைவாக இருந்தவர்கள் 'மிஸ்டு கால்' என்ற ஒரு மொழியையே உருவாக்கினர். ஒரு மணி அடித்து நின்றால் ஊர் போய்ச் சேர்ந்தாயிற்று, இரண்டு முறை அடித்தால் திரும்ப அழை என்று வீட்டுக்கு வீடு ஓர் உடன்பாடு இருந்தது.

2016ஆம் ஆண்டில் மூன்று நிகழ்வுகள் அடுத்தடுத்து வந்தன. ஏப்ரலில் யுபிஐ அறிமுகமானது. செப்டம்பரில் ஜியோ வந்து இணையக் கட்டணங்கள் சரிந்தன. நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாது என அறிவிக்கப்பட்டது. இன்று தேநீர்க் கடையில் கியூஆர் அட்டையும், பத்து ரூபாய் வந்ததைத் தமிழில் சொல்லும் பேசும் பெட்டியும் இருக்கின்றன. மளிகைக் கடைப் பற்றுக் கணக்கு நோட்டு மட்டும் இன்னும் பல ஊர்களில் மறையவில்லை. பேசும் பெட்டி கடன் கொடுக்காதல்லவா!

விடுபட்டவர்கள்

எல்லாரும் தாமே இயக்கிக்கொள்வார்கள் என்ற எண்ணத்தில் ஒவ்வொரு சேவையாக இணையத்துக்கு மாறியபோது, இயக்கத் தெரியாதவர்கள் விடுபட்டனர். 2020இல் கொரோனாவால் பள்ளிகள் மூடப்பட்டபோது, முந்தைய ஆண்டு தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி வழியாகப் பாடங்கள் ஒளிபரப்பாயின. கைபேசி வழியாகவும் வகுப்புகள் நடந்தன. ஆனால் பல வீடுகளில் ஒரே ஒரு திறன்பேசிதான் இருந்தது. அதுவும் காலையில் தந்தையுடன் வேலைக்குப் போய்விடும். அந்த இடைவெளியை நிரப்ப 2021இல் தமிழக அரசு கொண்டுவந்த 'இல்லம் தேடிக் கல்வி' மீண்டும் ஒரு மனிதரைத்தான் நாடியது: மாலையில் தெருப் பிள்ளைகளைக் கூட்டிவைத்துச் சொல்லிக் கொடுக்கும் தன்னார்வலரை.

பொறியியல் கலந்தாய்வும் அப்படித்தான். மாணவரும் பெற்றோரும் இரவுப் பேருந்தில் சென்னை வந்து, அண்ணா பல்கலைக்கழகத்தில் காத்திருந்து இடம் தேர்ந்த முறை 2018இல் இணையவழிக்கு மாறியது. பயணச் செலவும் அலைச்சலும் மிச்சம், அதில் ஐயமில்லை. எனினும் கணினி இல்லாத வீட்டுப் பிள்ளைகள் கடைகளில் விண்ணப்பம் நிரப்புகின்றனர். என்னிடம் படித்த ஒரு மாணவனின் உயர்கல்வி விண்ணப்பத்தில் கடைக்காரர் அவசரத்தில் தம் சொந்தக் கைபேசி எண்ணைப் பதிந்துவிட்டார். சில வாரம் கழித்து உள்நுழையத் தேவைப்பட்ட ஓடிபி அவருக்குப் போயிற்று. அன்று கடை பூட்டியிருந்தது. எப்படியோ தேடிப் பிடித்துக் காரியத்தை முடித்தோம். பழைய தபால்காரரின் வீடு ஊருக்கே தெரியும். இந்தக் கடைக்காரரின் பெயர்கூட அந்த மாணவனுக்குத் தெரிந்திருக்கவில்லை.

முதியோர் உதவித்தொகை முன்பு மணியார்டராக வந்தது. பின்னர் வங்கிக் கணக்குக்கு மாறி, விரல்ரேகைக் கருவி வழியாகப் பெறும் நிலை வந்தது. காலமெல்லாம் களை பறித்தும் கல் சுமந்தும் தேய்ந்த விரல்களைக் கருவி பல நேரம் அடையாளம் காண்பதில்லை. விரலைத் துடைத்து, எண்ணெய் தடவி, வேறு விரலை வைத்து, மறுநாள் வரச் சொல்லி அனுப்புவது கிராமங்களில் வழக்கமான காட்சி.

2018 செப்டம்பரில் இந்திய அஞ்சல் துறையின் பேமெண்ட்ஸ் வங்கி நாடெங்கும் தொடங்கப்பட்டது. அதன் வழியாகத் தபால்காரர்கள் திறன்பேசியும் விரல்ரேகைக் கருவியுமாக வீடு தேடி வந்து பணம் கொடுக்கும் ஏற்பாடு உண்டாயிற்று. 2020இன் ஊரடங்கில் வங்கிக்குப் போக முடியாத முதியவர்கள் பலர் இவ்வாறுதான் பணம் பெற்றனர். தபால்காரர் திண்ணையில் உட்கார்ந்து, பாட்டியின் கட்டைவிரலைப் பிடித்துக் கருவியில் வைத்து அழுத்துகிறார். பதியாவிட்டால் அடுத்த விரலை வைக்கச் சொல்லிக் காத்திருக்கிறார்.