அட்ரீனல் கட்டிகள்: மரபணுப் பிறழ்வும் அறுவைக்குப் பிந்தைய நிலையும்

சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் அட்ரீனல் சுரப்பி ஒவ்வொன்றும் ஏறத்தாழ 5 கிராம் எடைதான். அதன் புறணி ஆல்டோஸ்டிரோன், கார்டிசால் ஆகியவற்றைச் சுரக்கிறது. உட்பகுதி அட்ரீனலினைச் சுரக்கிறது. கட்டி எந்தப் பகுதியில் தோன்றுகிறது, எந்த மரபணு பிறழ்ந்திருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அறுவைக்குப் பின் நோயாளியின் நிலை மாறுகிறது.

உட்பகுதிக் கட்டியான ஃபியோகுரோமோசைட்டோமாவின் வரலாறு 1886இல் தொடங்குகிறது. படபடப்பும் தலைவலியும் திடீர் திடீரென வந்து இறந்த 18 வயதுப் பெண்ணின் பிரேதப் பரிசோதனையில், இரு அட்ரீனல்களிலும் கட்டி இருந்ததை ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகர மருத்துவர் ஃபெலிக்ஸ் ஃபிரென்கல் பதிவுசெய்தார். 1912இல் லுட்விக் பிக் அதற்குப் பெயரிட்டார். 1926இல் லோசானில் சேசார் ரூவும், அமெரிக்காவில் சார்லஸ் மேயோவும் இக்கட்டியை வெற்றிகரமாக அகற்றினர்; வயிற்றைத் திறக்கும்போது அது எந்தக் கட்டி என்று இருவருக்குமே தெரியாது. 2007இல் அந்த ஃபிரைபர்க் பெண்ணின் குடும்ப வழியில் உயிரோடிருப்பவர்களைச் சோதித்தபோது ‘ரெட்’ மரபணுப் பிறழ்வு கிடைத்தது. 121 ஆண்டுகள் கழித்து வந்த நோயறிதல் இது!

ரெட், விஎச்எல் ஆகிய மரபணுக்களுக்கும் பரம்பரை நோய்களுக்கும் உள்ள தொடர்பு 1993இல் வெளிவந்தது. எஸ்டிஎச்டி 2000இலும் எஸ்டிஎச்பி 2001இலும் சேர்ந்தன. இந்தியத் தரவுகளில் மும்பை கே.இ.எம். மருத்துவமனைக் குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. 150 நோயாளிகளில் 49 பேருக்குப் பிறவியிலேயே வந்த பிறழ்வு இருந்தது. அதிகம் காணப்பட்டது விஎச்எல். மூவரில் ஒருவர் என்ற இந்தக் கணக்குக்குப் பிறகு, குடும்பத்தில் யாருக்கும் இல்லையே என்று சொல்லி மரபணுச் சோதனையைத் தவிர்ப்பது சரியல்ல.

ரெட், விஎச்எல் பிறழ்வுள்ளோருக்கு இருபுறமும் கட்டி வரலாம். ஆனால் அது பிற உறுப்புகளுக்குப் பரவுவது அரிது. இரு சுரப்பிகளையும் முழுதாக எடுத்துவிட்டால் வாழ்நாள் முழுதும் ஸ்டீராய்டு மாத்திரை வேண்டும். அதனால் புறணியில் ஒரு பகுதியை விட்டுவைக்கும் அறுவை இவர்களுக்குப் பொருந்துகிறது. எஸ்டிஎச்பி பிறழ்வில் நிலைமை வேறு: கட்டி பெரும்பாலும் அட்ரீனலுக்கு வெளியே தோன்றும், பரவும் ஆபத்தும் மிகுதி. பிறழ்வுள்ளவர்களுக்கு ஆயுள் முழுதும் கண்காணிப்பு தேவை. மற்றவர்களுக்கும் குறைந்தது 10 ஆண்டு வேண்டும் என்பது 2016ஆம் ஆண்டின் ஐரோப்பிய வழிகாட்டுதல். பிறழ்வு எதுவானாலும், அறுவைக்கு முன் பிரசோசின் போன்ற மருந்தால் இரத்த அழுத்தத்தைக் கட்டுக்குள் கொண்டுவருவார்கள்.

தமிழ்நாட்டில் வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை மருத்துவக் கல்லூரியிலும் நாளமில்லாச் சுரப்பிகளின் அறுவைக்கென்றே தனித்துறைகள் உள்ளன. சென்னைத் துறை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் இயங்குகிறது.

புறணிக் கட்டிகளில் முதன்மையானது, ஜெரோம் கான் 1950களில் மிச்சிகனில் விவரித்த ஆல்டோஸ்டிரோன் கட்டி. 2011இல் ரிச்சர்ட் லிஃப்டன் குழு இதில் கேசிஎன்ஜே5 பிறழ்வைக் கண்டது. பொட்டாசியத்துக்கான வாயிலில் சோடியம் நுழைய, தொடர்ந்து கால்சியமும் உள்ளே வர, செல் ஓயாமல் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது; அதனால் இரத்த அழுத்தம் ஏறுகிறது. இப்பிறழ்வு பெரும்பாலும் கட்டிக்குள் மட்டுமே இருப்பது, பிள்ளைகளுக்குப் போகாது. பெண்களிடமும் இளையோரிடமும் கிழக்காசியரிடமும் கூடுதலாகக் காணப்படுகிறது.

2017இல் வெளியான பன்னாட்டு ஆய்வில், ஆல்டோஸ்டிரோன் மிகைக்காக ஒரு பக்க அட்ரீனலை அகற்றிய 705 பேரைப் பார்த்தார்கள். சுமார் 94 சதவீதத்தினருக்கு ஹார்மோன் முழுதும் சீரானது. மாத்திரையே இல்லாமல் இரத்த அழுத்தம் இயல்பானது 37 சதவீதத்தினருக்கே. இளையோருக்கும் பெண்களுக்கும் பலன் கூடுதல். ஆண்டுக்கணக்கில் ‘சாதாரண பிரஷர்’ என்று விட்டுவைத்ததில் இரத்தநாளங்கள் கெட்டிப்பட்டுப் போயிருப்பது இந்த இடைவெளிக்கு ஒரு காரணம்.

கார்டிசால் கட்டிகள் பலவற்றில் 2014இல் கண்டறியப்பட்ட பிஆர்கேஏசிஏ பிறழ்வு இருக்கிறது. இங்கே அறுவைக்குப் பின் சிக்கல் எதிர்ப்பக்கத்தில்: கட்டியின் மிகைச் சுரப்பால் அடங்கிக் கிடந்த மறு சுரப்பி விழித்தெழ மாதங்கள், சிலருக்கு ஓராண்டுக்கும் மேல் ஆகும். அதுவரை ஹைட்ரோகார்டிசோன் மாத்திரையை நிறுத்தக் கூடாது.