ஊற்றுப் பேனா: தரம் அறிதல்

ஊற்றுப் பேனாவின் தரத்தை மூன்று உறுப்புகள் தீர்மானிக்கின்றன: தாளைத் தொடும் நிப், அதன் அடியில் மையைக் கொண்டுவரும் கட்டை, மையைத் தேக்கிவைக்கும் உடல். எழுதும்போது கை உணர்வது பெரும்பாலும் முதல் இரண்டின் வேலை. உடலின் தரம் எடையிலும் பிடியிலும் கசிவின்மையிலும் தெரியும். விலை பெரும்பாலும் உடலுக்கும் பெயருக்கும் ஏறுவதால், விலையைக் கொண்டு எழுத்தின் இதத்தைக் கணிக்க முடியாது.

நிப்

நிப்பின் நடுவே ஓடும் பிளவு அதை இரு கவைகளாகப் பிரிக்கிறது. நுனியில் கடின உலோக மணி ஒன்று பற்றவைக்கப்பட்டிருக்கும். வழக்கில் அதை இரிடியம் என்றே சொன்னாலும், இன்றைய மணிகள் பெரும்பாலும் ஆஸ்மியம், ருத்தேனியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவைகள். தாளில் உரசுவது இந்த மணிதான். அதனால் வழவழப்பு அதைத் தீட்டிய கைத்திறனைப் பொறுத்தது. நிப் எஃகா, 58.5 விழுக்காடு பொன்னுள்ள 14 காரட்டா, 75 விழுக்காடுள்ள 18 காரட்டா என்பதற்கு அதில் பங்கு குறைவு. பொன் அரிபடாது. சில வடிவங்களில் சற்று வளைந்தும் கொடுக்கும்.

கோட்டின் பருமனுக்கு எல்லா நிறுவனங்களும் ஏற்ற ஒரே அளவு கிடையாது. ஜப்பானிய நிப்கள் ஐரோப்பிய நிப்களை விடப் பொதுவாக ஒரு படி மெல்லியவை. ஜப்பானின் பைலட் நிறுவனத்தின் ‘ஃபைன்’, பல ஐரோப்பிய நிறுவனங்களின் ‘எக்ஸ்ட்ரா ஃபைன்’ அளவுக்கு அருகில் நிற்கும்.

கட்டை

மை புவியீர்ப்பால் மட்டும் இறங்குவதில்லை. நுண்துளை ஈர்ப்பே அதை நுனிவரை இழுக்கிறது. வெளியேறும் மைக்கு ஈடாகக் காற்று உள்ளே போக வேண்டும். இந்தப் போக்குவரத்தைச் சீராக்கும் வாய்க்கால்கள் கொண்ட கட்டைக்கு அமெரிக்காவின் லூயிஸ் வாட்டர்மேன் 1884இல் காப்புரிமை பெற்றார். இன்று பெரும்பாலான கட்டைகள் பிளாஸ்டிக்கில் வார்க்கப்படுகின்றன. கடின ரப்பரான எபனைட்டில் செய்த கட்டையில் மை எளிதில் படரும். சூடுகாட்டி இளக்கி, நிப்பின் வளைவோடு ஒட்ட வைக்கவும் முடியும்.

குறைகளும் காரணங்களும்

கீறல்: இரு கவைகளும் ஒரே மட்டத்தில் இல்லாததே முதல் காரணம். ஒரு திசையில் மட்டும் கீறினால் ஐயம் இதன்மேல்தான். பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸில் நுனியை நேர்முகமாகப் பார்த்தால் தெரிந்துவிடும். எல்லாத் திசையிலும் கீறினால் மணி சரியாகத் தீட்டப்படவில்லை. தாளின் இழையை மெலிதாக உணர்த்தும் உரசல் குறையாகாது. ஜப்பானின் செய்லர் நிப்களில் பலர் விரும்புவது பென்சிலைப் போன்ற அந்த உரசலைத்தான்.

தொடக்கத் தடை: பிளவின் உள்விளிம்புகளை அளவுக்கு மீறித் தீட்டிவிட்டால் மை தாளை எட்டாமல் உள்ளேயே நின்றுவிடும். இத்தகைய நிப் வழுக்கிக்கொண்டு ஓடும். ஆனால் சொல்லின் முதல் கோடு விழாது. மிகை வழவழப்பு சில நேரம் குறையின் அடையாளமே.

வறட்சி: கவைகள் நுனியில் இறுக நெருக்கிக்கொண்டால் மை குறையும். அழுத்தினால் மட்டுமே எழுதும் நிப் இந்த வகை.

கக்குதல்: உடலிலேயே நேரடியாக மை ஊற்றும் பேனாக்களில் மை குறையக் குறையக் காற்றிடம் பெருகும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து சொட்டாக மையைத் தள்ளும். முழுதும் தீரும்முன் நிரப்புவது இதைத் தவிர்க்கும்.

தமிழில் எழுதிப்பார்த்தல்

நிப்பைச் சோதிக்கத் தமிழ் எழுத்து ஏற்ற கருவி. ண, ஞ, ழ போன்ற எழுத்துகளின் சுழிகள் நிப்பை மேலும் கீழும் பக்கவாட்டிலும் ஓட்டுவதால் கவைகளின் மட்டக்கேடு மறைய வழியில்லை. மெய்யெழுத்தின் புள்ளி, அழுத்தமின்றித் தொட்டு எடுக்கும் கணநேரத் தீண்டல். புள்ளிகள் விடாமல் விழுந்தால் தொடக்கத் தடை இல்லை. பருத்த நிப்பில் சிறிய சுழிகள் மையால் அடைபட்டுவிடுவதால், சிறிய கையெழுத்துக்காரர்களுக்கு மெல்லிய நிப் பொருந்தும்.

இந்தியக் கைவினைப் பேனாக்கள்

எபனைட் என்பது கந்தகம் மிகுதியாகச் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். கடைசலில் கையால் கடையப்படும் எபனைட் உடல் எடை குறைந்தது, வியர்த்த விரலிலும் வழுக்காதது. ஆனால் நெடுநாள் வெயில் பட்டால் கறுப்பு பழுப்பேறும். திருவள்ளூரின் ரங்கா, சென்னைப் பாரிமுனைப் பகுதியின் ஜெம் அண்ட் கோ விற்கும் காமா ஆகியவை இம்மரபில் வந்தவை. ரங்கா பேனாக்கள் ஜெர்மனியின் ஜோவோ, போக் நிப்களோடும் கிடைக்கின்றன. ஆகவே உடலையும் மரையின் சீரையும் கடைந்தவரின் திறனாகவும், நிப்பைத் தனியாகவும் மதிப்பிடுவதே முறை.

இந்தியாவின் புகழ்பெற்ற பேனா மதிப்புரை ஒன்று காந்தியுடையது. சுதேசி அழைப்பை ஏற்று ராஜமுந்திரியில் கே. வி. ரத்னம் செய்த பேனா, தஞ்சாவூரில் பிறந்த பொருளியல் அறிஞர் ஜே. சி. குமரப்பாவின் வழியாகக் காந்தியை எட்டியது. 1935 ஜூலையில் அவர் ரத்னத்துக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில், அதை எழுதிப் பார்த்ததாகவும், கடைவீதியில் காணும் அயல்நாட்டுப் பேனாக்களுக்கு நல்ல மாற்றாகத் தெரிவதாகவும் குறிப்பிட்டார்.

வாங்கும்போது

தில்லியின் கரோல் பாக் ஆனாலும் சென்னையின் பாரிமுனை ஆனாலும், மையில் தோய்த்து எழுதிப்பார்க்கக் கடைக்காரரிடம் கேட்கலாம். ஆனால் தோய்த்து எழுதுவது நிப்பின் மணியையும் மட்டத்தையும் மட்டுமே காட்டும். கட்டையின் மையோட்டத்தை அறிய, மை நிரப்பி ஒரு பக்கமாவது நிற்காமல் எழுத வேண்டும். ஒரே மை, ஒரே தாளில் ஒப்பிடுவது முக்கியம். உறிஞ்சும் தாளில் நல்ல நிப்பும் பட்டையாகத் தெரியும். அரக்குப் பசை கலந்த இந்தியன் இங்க் கட்டையை அடைத்துவிடும் என்பதால் அதை ஊற்றவே கூடாது.

புதுப் பேனாவில் தயாரிப்பின்போது ஒட்டிய எண்ணெய் மையோட்டத்தைத் தடுக்கக்கூடும். ஒரு சொட்டுச் சோப்புக் கரைசல் கலந்த நீரால் அலசி, நன்னீரில் கழுவிய பிறகே தீர்ப்புக்கு வர வேண்டும். அதன்பின்னும் கீறினாலோ வறண்டாலோ, நிப்பைச் சரிசெய்து தருவாரா என்று விற்றவரிடம் கேட்பதே அடுத்த படி. செம்மைப்படுத்திய எளிய எஃகு நிப், செம்மைப்படாத பொன் நிப்பை எளிதில் விஞ்சும்.