ஐயரும் அருமைக்காரரும் இல்லாத கல்யாணம்

கொங்கு நாட்டில் ஐயர் இல்லாமல் கல்யாணம் நடப்பது புதுசில்லை. கவுண்டர் வீட்டுச் சீர்களைக் காலங்காலமாக நடத்திவந்தவர் அருமைக்காரர். அவர் பார்ப்பனர் அல்ல. அதே சாதியில் பெரியவர், அதற்கென்று உள்ள சீரைச் செய்து தகுதி பெற்றவர். மங்கல வாழ்த்துப் பாடுகிறவர் நாவிதர். ஆகவே 'புரோகிதரை ஒழித்தோம்' என்று மேடையில் முழங்குகிறவர்கள் இந்தப் பக்கம் வந்தால் கொஞ்சம் நிதானித்துப் பேச வேண்டும். பார்ப்பனர் இல்லாமலே சாதி தன் சடங்கை நடத்திக்கொள்ளும். தனக்கு வேண்டிய குருமாரைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அந்தச் சடங்கில் நம் ஆளுக்கு என்ன வேலை? பந்தலுக்கு வெளியே நின்று தப்பட்டை அடிப்பது, எல்லாரும் தின்று முடித்த பிறகு மிச்சத்துக்குக் காத்திருப்பது.

சேரிக்கும் குருமார் இருந்தார்கள். பறையர்களுக்கு வள்ளுவர்கள் புரோகிதம் செய்ததைக் காலனிக்கால ஆவணங்களே பதிவு செய்திருக்கின்றன. அயோத்திதாசப் பண்டிதர் இதை பவுத்தத்தின் எச்சமாகப் பார்த்தார். 1898-இல் இலங்கை சென்று பஞ்சசீலம் ஏற்றுத் திரும்பிய அவர், சென்னை ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கத்தை நிறுவினார். பிறப்பு, திருமணம், இறப்பு எல்லாவற்றுக்கும் பிராமணர் வேண்டாத சடங்குகளை அந்தச் சங்கம் நடத்தியது. அதற்கும் கால் நூற்றாண்டு முன்னால், 1873-இல், பூனாவில் ஜோதிராவ் புலே சத்திய சோதக் சமாஜம் தொடங்கி அதே ஆண்டிலேயே புரோகிதர் இல்லாத கல்யாணம் நடத்திக் காட்டினார். வருமானம் போகுமே என்று புரோகிதர்கள் கோர்ட் வரைக்கும் போனார்கள். சுயமரியாதைத் திருமணத்தின் கதையை ஈரோட்டில் மட்டும் தொடங்குகிறவர்கள் இந்தப் பெயர்களை ஏன் விட்டுவிடுகிறார்கள் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

அதற்காக ஈரோட்டைக் குறைத்துச் சொல்லவில்லை. 1928-இல் அருப்புக்கோட்டை பக்கம் சுக்கிலநத்தத்தில் பெரியார் நடத்திவைத்ததுதான் முதல் சுயமரியாதைத் திருமணம் என்பார்கள். அதன் பிறகு ஆயிரக்கணக்கில் நடந்தன. 'அக்கினி இல்லாம, ஐயர் இல்லாம கட்டினது கல்யாணமா, வச்சுக்கிட்டதா?' என்ற ஊர்ப்பேச்சு 1953-இல் சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பாகவே வந்தது. சிதம்பரம் - ரங்கம்மாள் இணையரின் திருமணம் செல்லாது, பிள்ளைகள் சட்டப்படியான வாரிசுகள் அல்ல என்றார்கள். பெரியாரே முன்னின்று நடத்திய கல்யாணம் அது. 1967-இல் அண்ணா ஆட்சிக்கு வந்துதான் இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்தார். சொந்தக்காரர், சிநேகிதர், யாரோ நாலு பேர் முன்னால், புரியும் மொழியில், 'உன்னை ஏற்றுக்கொள்கிறேன்' என்று சொன்னால் போதும். அல்லது மாலை மாற்றினால், மோதிரம் போட்டால், தாலி கட்டினால் போதும். நடத்திவைக்கிறவர் என்று ஓர் ஆளே சட்டத்தில் கிடையாது. முன்னால் நடந்தவையும் செல்லும் என்றார்கள்.

இதன் அருமை வெளிநாட்டைப் பார்த்தால் தெரியும். அமெரிக்காவில் பல மாநிலங்களில் கல்யாணம் நடத்திவைக்க மதகுருவோ அரசு அதிகாரியோ வேண்டும். கலிபோர்னியாவில் எழுதப் படிக்கத் தெரியாத கிர்பி ஹென்ஸ்லி என்பவர் 1962-இல் ஒரு சபையைப் பதிவு செய்தார். கேட்டவருக்கெல்லாம் தபாலில் போதகர் பட்டம் கொடுத்தார். இன்றைக்கு அது இணையத்தில் சில நிமிட வேலை. கடவுள் இல்லை என்கிறவர்களும் சிநேகிதரின் கல்யாணத்தை நடத்த அந்தப் பட்டத்தை வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். வேஷம் போட மாட்டோம் என்ற மனிதநேயர்கள் இண்டியானாவில் வழக்காடி, மதமில்லாத நடத்துநருக்கும் அதே உரிமை என்று 2014-இல் தீர்ப்பு வாங்கினார்கள். இங்கே 1967-லேயே அந்தப் பதவி தேவையில்லாமல் போயிற்று.

அம்பேத்கர் வேறு வழி சொன்னார். 1936-இல் எழுதிய 'சாதி ஒழிப்பு' உரையில், புரோகிதத்தை ஒழிப்பது நல்லது, முடியாவிட்டால் பிறப்புரிமையையாவது ஒழியுங்கள் என்றார். அரசு பரீட்சை வைக்கட்டும், தேறியவருக்குச் சனத்து கொடுக்கட்டும், சனத்து இல்லாதவன் சடங்கு செய்தால் தண்டிக்கட்டும், எத்தனை பேர் வேண்டும் என்பதையும் அரசே தீர்மானிக்கட்டும் என்றார். அவருக்குப் பிரச்சினை சடங்கு அல்ல, அதிகாரம் எந்தச் சாதியின் கையில் இருக்கிறது என்பது. அதனால்தான் சுயமரியாதைக் கல்யாண மேடையையும் அதே கண்ணோடு பார்க்கிறோம். சட்டத்தில் நடத்துநர் இல்லை. மேடையில் 'தலைமை' இருக்கிறார். சுயசாதிக்குள்ளேயே பெண் எடுத்து, சீர் வாங்கி, ஐயரை மட்டும் விலக்கிவிட்டுப் 'புரட்சி' என்று பத்திரிகை அடிக்கிறார்கள். அருந்ததியர் ஒருவர் தலைமை தாங்கி ஒரு கவுண்டர் வீட்டுக் கல்யாணம் நடந்ததை நான் இன்னும் பார்க்கவில்லை.

உண்மையில் இந்தச் சட்டத்தைப் பயன்படுத்துகிறவர்கள் வேறு ஆட்கள். முதலிபாளையம் சிட்கோவிலும் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளிலும் தேனி, மதுரை, திண்டுக்கல் பிள்ளைகள் ஒரே பவர் டேபிளில் உட்காருகிறார்கள். டைலருக்கும் செக்கிங் பெண்ணுக்கும் காதல் வந்தால், மண்டபம் பிடிக்கப் பணமும் கிடையாது, சொந்தமும் வராது. இயக்க அலுவலகமோ வக்கீல் அறையோதான் கதி. 2014-இல் உயர் நீதிமன்றம் வக்கீல் அறையில் ரகசியமாக நடப்பது கல்யாணமே இல்லை என்றது. பகிரங்கமாக அறிவித்தால் உயிர் இருக்குமா என்று அது யோசிக்கவில்லை. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. சங்கரும் கௌசல்யாவும் 2015-இல் பழனியில் கோயிலில்தான் கட்டிக்கொண்டார்கள். சாமி சாட்சி இருந்தது. மறு வருஷம் மார்ச் 13-ந் தேதி உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கரை வெட்டினார்கள்.

7-ஏ-யில் இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டு 'இந்து'க்களுக்கு மட்டும்தான் அது. நாத்திகரும் அதில் இந்துவே. அம்பேத்கர் வழியில் பவுத்தம் தழுவியவரும் அந்தச் சட்டத்துக்கு இந்துவே. ஆனால் ஒரே சேரியில் ஒருத்தி சர்ச்சுக்குப் போனவள், ஒருவன் போகாதவன் என்றால் 7-ஏ உதவாது. 1954-ஆம் ஆண்டுச் சிறப்புத் திருமணச் சட்டத்துக்குப் போக வேண்டும். முப்பது நாள் நோட்டீஸ், பேர் விலாசத்தோடு, அலுவலகப் பலகையில் ஒட்டுவார்கள். பையனோ பெண்ணோ வேறு மாவட்டத்துக்காரர் என்றால் ஒரு நகலைச் சொந்த மாவட்டத்து அதிகாரிக்கும் அனுப்பி அங்கேயும் ஒட்டச் சொல்கிறது சட்டம். எந்த ஊருக்குத் தெரியக் கூடாது என்று திருப்பூருக்கு ஓடி வந்தார்களோ, அந்த ஊர்ப் பக்கமே அது போய்ச் சேருகிறது.