பங்குனி ஆமையும் நாற்றங்காலும்

நெல் விதைக்கிறவனுக்குக் கடலாமையைப் பத்தி என்ன பேச்சுன்னு கேப்பீங்க. இதுவும் ஒரு நாற்றங்கால் கதைதாங்க.

ஆலிவ் ரிட்லின்னு படிச்சவங்க சொல்ற ஆமைக்கு நம்ம கடற்கரைக்காரங்க வெச்ச பேர் பங்குனி ஆமை. பங்குனியை ஒட்டி முட்டையிட வர்றதால அந்தப் பேர். தை மாசத்துலேயே வர ஆரம்பிச்சிடும். ராத்திரியில கரையேறி, பின்னங்காலால ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடம் மாதிரி குழி தோண்டி, நூறு முட்டைக்கு மேல இட்டு, மூடிட்டுப் போயிடும். நம்ம கோழி மாதிரி அடை உக்காராது. மணலோட சூடுதான் அடை. சூடு கூடினா பெண் குஞ்சு, குறைஞ்சா ஆண் குஞ்சு. ஏறக்குறைய 45 முதல் 60 நாள்ல பொரியும்.

ஒரு காலத்துல அந்த முட்டைக்கு எதிரி மனுஷனும் நாயும் நரியும்தான். முட்டையை எடுத்துத் தின்னாங்க, வித்தாங்க. 1970-களின் தொடக்கத்தில் ரோமுலஸ் விட்டேக்கரின் சென்னைப் பாம்புப் பண்ணையைச் சேர்ந்தவர்கள் ராத்திரி ராத்திரி கடற்கரையில் நடந்து முட்டை தேடினார்கள். 1974-ல் பொரிப்பகம் போட்டார்கள். சதீஷ் பாஸ்கர் அந்த வேலையில் முன்னால் நின்றவர். பிறகு மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம், 1980-களில் வனத்துறை என்று பொறுப்பு கைமாறியது. 1988 முதல் கல்லூரிப் பிள்ளைகள் சேர்ந்து ஆரம்பித்த கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவில் நடக்கிறது.

முட்டையை மாத்துறதும் லேசான வேலை இல்ல. இட்ட சில மணி நேரத்துக்குள்ள எடுக்கணும். கரு ஓட்டோட உள்பக்கம் ஒட்டிக்கும். அதுக்கப்புறம் புரட்டினா செத்துப்போயிடும். தாய் தோண்டின அதே ஆழம், அதே வடிவத்துல புதுக் குழி வேணும்.

இப்போ எதிரி மாறிட்டான். குஞ்சு வெளியே வந்ததும் வெளிச்சமான பக்கமா ஓடும். இருட்டுக் கடற்கரையில அது கடல் பக்கம். இன்னைக்கு ரோட்டு விளக்கும் அடுக்குமாடி விளக்கும் கடலைவிடப் பளிச்சுன்னு இருக்கு. குஞ்சு ஊருக்குள்ள ஓடி, நாய் வாயிலயும் வண்டிச் சக்கரத்துலயும் போகுது. போதாததுக்குக் கரையெல்லாம் பிளாஸ்டிக்கும் அறுந்த வலையும். 2017 ஜனவரியில் எண்ணூர் பக்கம் ரெண்டு கப்பல் மோதி எண்ணெய் கரை ஒதுங்கினது சரியா முட்டையிடுற பருவத்துல. செத்த ஆமைகளும் ஒதுங்கின.

நாங்க நாற்றங்கால்ல நாத்து விடறது, நடறதுக்கு வயல் இருக்குங்கற நம்பிக்கையிலதான். பொரிப்பகமும் அப்படித்தான். இன்னைக்குக் கடல்ல விட்ட பெண் குஞ்சு வளர்ந்து முட்டையிடத் தான் பொறந்த கரைப் பக்கமே திரும்பி வரும். அதுக்குப் பத்து வருஷத்துக்கு மேல ஆகும். அப்போ கரை இருக்கணும், இருட்டா இருக்கணும்.

கடற்கரையோரம் குடியிருக்கிறவங்க தை முதல் சித்திரை வரைக்கும் கடல் பக்கம் பாத்த விளக்கை ராத்திரியில அணைச்சு வையுங்க. அதுக்குப் பைசா செலவில்லை.