கேரி என்னும் பெயர்

கிள்ளானிலிருந்து பந்திங் செல்லும் சாலையில், தெலுக் பங்லிமா காராங்கில் திரும்பி, லங்காட் ஆற்றின்மீது அமைந்த பாலத்தைக் கடந்தால் கேரி தீவு. சாலையின் இருமருங்கும் செம்பனை. முன்பு அவ்விடத்தில் பால்மரம். படகேறி ஆற்றைக் கடந்த பழைய தலைமுறைக்கு இது தீவு என்னும் நினைவு இருந்திருக்கும். பாலத்தின்மேல் பேருந்தில் வந்துபோகும் நம் பிள்ளைகளுக்கோ இதுவும் ஒரு தோட்டந்தான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கு ஊர்ப்பெயர்களைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கோலாலம்பூர் என்றால் சேற்று ஆறு கூடுமிடம். சுங்கை பூலோ என்றால் மூங்கில் ஆறு. அப்பொழுது ஒரு மாணவன் எழுந்து, "ஐயா, கேரி என்றால் என்ன?" என்று கேட்டான். நான் வாய் திறக்குமுன் மற்றொருவன், "சேரிதான் ஐயா, எழுத்து மாறிவிட்டது" என்றான். வகுப்பே சிரித்தது. ஆனால், அச்சிறுவன் தன்னையறியாமல் மொழிநூலின் வாயிலில் கால் வைத்திருந்தான். தமிழில் சேரி என்பது கன்னடத்தில் கேரி ஆகும். குடகு நாட்டு மடிக்கேரியிலும் அச்சொல் உண்டு. எனினும் ஒலி ஒத்திருப்பதனால் மட்டும் உறவு வந்துவிடாது. "அது ஒரு துரையின் பெயர்" என்று சுருக்கமாகச் சொல்லிப் பாடத்தை முடித்தேன். அவ்விடை எனக்கே நிறைவளிக்கவில்லை. துரையின் பெயர் என்றால், அத்துரைக்கு அப்பெயர் எங்கிருந்து வந்தது? அதனைத் தேடியதன் விளைவே இக்கட்டுரை.

துரை யார் என்பதில் ஐயமில்லை. எட்வர்டு வேலன்டைன் ஜான் கேரி என்பார், மலாயாவில் தோட்டத் தொழில் நடத்திய ஆங்கிலேயர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயந்திர வண்டிகளும் மிதிவண்டிகளும் பெருகி, பால்மரத்திற்கு உலகெங்கும் விலையேறிய காலத்தில் இத்தீவு அவர் பெயரைப் பெற்றது. அவர் வருமுன் தீவு ஆளில்லாத வெற்றிடமாக இருக்கவில்லை. மரச்சிற்பத்திற்கும் முகமூடிக்கும் பெயர்பெற்ற மா மெரி மக்கள் இக்கரையோரங்களில் வாழ்ந்துவந்தனர், இன்றும் வாழ்கின்றனர். அவர்கள் மொழி ஆஸ்திரோ ஆசிய மொழிக் குடும்பத்தைச் சேர்ந்தது. மலாய்க்கும் தமிழுக்கும் உறவில்லாதது. காட்டைத் திருத்தித் தோட்டம் ஆக்க வந்தவர்களுள் தமிழர் பலர். வரைபடத்தில் இடம்பெற்றதோ மூன்றாமவரின் பெயர்.

இனிப் பெயருக்கு வருவோம். குடிப்பெயர் நூல்களைப் புரட்டினால் கேரி என்பது முதலில் ஓர் ஐரிஷ் பெயராகவே எதிர்ப்படும். அதன் பழைய வடிவம் 'ஓ கீரா' என ஒலிக்கும். 'ஓ' என்பது பேரன் அல்லது வழித்தோன்றல் எனப் பொருள்படும். கீரா என்பது முன்னோன் ஒருவனின் பெயர். அப்பெயர் கருமை என்னும் பொருளுடைய 'கீர்' என்ற அடிச்சொல்லிலிருந்து பிறந்தது. ஆக, ஓ கீரா என்பதைத் தமிழாக்கினால் 'கருப்பன் பேரன்' என்றே வரும்! இதனைப் படித்த அன்று நான் தனியே சிரித்தேன். என் பாட்டனார் பெயரும் கருப்பையாதான். துரைக்கும் கூலிக்கும் ஒரே பெயர் என்று மேடையில் சொன்னால் கைதட்டல் கிடைக்கும். ஆனால், அது பொருந்துமா என்பதைப் பின்னர்ப் பார்ப்போம்.

ஓ கீரா குடியினர் அயர்லாந்தின் பழைய அரச மரபுகளுள் ஒன்றான தெற்கு ஈ நேல் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். இன்றைய கில்டேர் மாவட்டத்தின் வடமேற்கே உள்ள கார்பரி அவர்கள் ஆண்ட நிலம். 1169இல் நார்மானியர் அயர்லாந்தில் இறங்கியபின் அந்நிலம் அவர்கள் கையைவிட்டுப் போயிற்று. கார்பரியில் இன்று பாழ்பட்டு நிற்கும் கோட்டை, பின்வந்தவர்களின் கோட்டையே. ஆண்டவர்கள் சிதறினர். குடிப்பெயர் பிறந்த இடம் ஒன்று, அது செழித்த இடம் வேறு என்னும் நிலை இவ்வாறு ஏற்பட்டது. பிற்காலத்தில் கேரி என்னும் பெயரைத் தென்னாட்டு மாவட்டங்களான திப்பரேரியிலும் கார்க்கிலும் மிகுதியாகக் காண்கிறோம்.

அயர்லாந்தின் தென்மேற்கில் கெர்ரி என்றொரு மாவட்டம் உண்டு. அதுவே கேரிகளின் தாயகம் என்று சிலர் எண்ணுவர். கெர்ரி என்பது கீர் என்னும் பழங்கதை வீரனின் வழியினர் வாழ்ந்த நாடு என்று வழங்கும் பெயர். அங்கும் கருமையே அடிச்சொல். ஆயினும் நாட்டின் பெயர் வேறு, குடியின் பெயர் வேறு. ஒரே கிளையில் காய்த்தவை எல்லாம் ஒரே காம்பில் காய்த்தவையல்ல.

இங்கே ஐரிஷ் மக்களின் பெயரிடு முறையைச் சற்று விரித்துரைக்க வேண்டும். நமக்கு அது மிக அணுக்கமானது. அந்நாட்டில் கி.பி. நான்காம் நூற்றாண்டு முதல் நட்ட கல்லின் விளிம்பில் கோடு கோடாய்ச் செதுக்கிய ஓகம் எழுத்துக் கல்வெட்டுகள் கிடைக்கின்றன. அவற்றுட் பல, இன்னார் மகன் இன்னார் என்பதோடு முடிந்துவிடும். கரூரை அடுத்த புகலூர் மலையில் சேரர் மூன்று தலைமுறையினரை மகன், மகன் எனத் தொடுத்துச் சொல்லும் பழந்தமிழ்க் கல்வெட்டை அறிந்தவர்களுக்கு அம்முறை புதிதன்று. ஐரிஷ் மொழியில் மகனைக் குறிக்கும் சொல் 'மாக்'. தந்தை பெயர் தலைமுறைதோறும் மாறியதால் மாக் தொடர்ந்த பெயரும் மாறிக்கொண்டே வந்தது. பத்தாம், பதினோராம் நூற்றாண்டுகளில் அஃது ஓரிடத்தில் நின்றது. புகழ்பெற்ற பாட்டன் ஒருவனின் பெயரைப் பற்றிக்கொண்டு, அவன் கொள்ளுப்பேரனும் எள்ளுப்பேரனும் 'ஓ' இன்னார் என்றே வழங்கலாயினர். ஐரோப்பாவிலேயே மிகப் பழைய பரம்பரைக் குடிப்பெயர்களுள் இவையும் அடங்கும். பெண்மக்களுக்கு 'ஓ' என்பதற்கு மாற்றாக 'நீ' என்னும் சொல் வரும். அது மகள் என்பதன் குறுக்கம். நம் அடையாள அட்டையில் அனாக் லெலாக்கி, அனாக் பெரெம்புவான் என்று பொறிப்பதை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். முறை ஒன்றே. அவர்களுடைய 'மாக்' ஓரிடத்தில் நின்றுவிட்டது. நம்முடைய 'மகன்' ஒவ்வொரு தலைமுறையிலும் புதிதாகத் தொடங்குகிறது.

தமிழில் பேரன் என்னும் சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் பெயரன். ஆகவே நம்மிடமும் 'ஓ' இருந்தது. அதனை நாம் பெயருக்கு முன்னே எழுதவில்லை. பிள்ளைக்கே பாட்டன் பெயரைச் சூட்டிவிட்டோம்.

ஆங்கிலேயர் ஆட்சி ஐரிஷ் பெயர்களைச் சும்மா விடவில்லை. டப்ளினைச் சூழ்ந்த நான்கு மாவட்டங்களில் வாழும் ஐரிஷ் மக்கள் ஆங்கிலப் பெயர்களையே சூட்டிக்கொள்ள வேண்டும் என்று 1465இல் ஒரு சட்டம் பிறந்தது. ஊர்ப்பெயரோ, வெள்ளை, கறுப்பு போன்ற நிறப்பெயரோ, கொல்லன், தச்சன் போன்ற தொழிற்பெயரோ எதையேனும் கொள்ளலாம் என்று அச்சட்டம் வழியும் காட்டியது. அந்நான்கனுள் கில்டேரும் ஒன்று. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் 'ஓ'வும் 'மாக்'கும் பெருவாரியாக உதிர்ந்தன. ஆங்கில எழுத்தர்கள் காதில் விழுந்ததைத் தமக்குத் தெரிந்த எழுத்தில் பதிந்தனர். அதனால் ஓ கீரா சிலருக்குச் 'சி' எழுத்தில் தொடங்கும் கேரி ஆயிற்று. சிலருக்குக் 'கே' எழுத்தில் தொடங்கும் கீரி ஆயிற்று. இன்னொரு விந்தையும் நடந்தது. மாக் ஈக்ரா, ஓ கீரான், மாக் கில்லா கேரா என்னும் வெவ்வேறு குடியினரும் அதே எழுத்தர்களின் பேனாவினால் கேரிகள் ஆயினர். ஒரு குடி இரண்டாகவும், நான்கு குடி ஒன்றாகவும் ஆன கதை இது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மொழிப்பற்று மீண்டெழுந்தபோது பலர் 'ஓ'வைத் திரும்பச் சேர்த்துக்கொண்டனர். கேரிகளுள் அவ்வாறு செய்தோர் மிக அரியர்.

எழுத்தரின் பேனா என்று படித்தவுடன் என் தந்தையார் நினைவு வந்தது. அவருடைய பிறப்புப் பத்திரத்தில் பாட்டனார் பெயர் 'கே' எழுத்தில் தொடங்கியது. அடையாள அட்டையில் 'சி'. செக்ரோலில் பெயர் பதிந்த கிராணிக்கு அது பெரிய செய்தியன்று. பெரட்டில் பெயர் கூப்பிட்டால் ஆள் வந்து நிற்பான், அவ்வளவே. தந்தையார் மறைந்தபின், அவர் சேமிப்பைப் பெறச் சென்ற அலுவலகத்தில், இரு தாள்களிலும் உள்ளவர் ஒருவரே என்று மெய்ப்பிக்க எங்களுக்கு ஓராண்டுக்கு மேலாயிற்று. ஆணையரிடம் உறுதிமொழிப் பத்திரம் எழுதிக் கையெழுத்திட்டபோது என் தாயார் கேட்டார்: "நாற்பது வருசம் சேர்ந்து வாழ்ந்தேன், அவரு யாருன்னு எனக்குத் தெரியாதா?"

இனிப் பரவலைப் பார்ப்போம். 1845 முதல் 1852 வரை உருளைக்கிழங்குப் பயிர் நோயால் அழிந்து அயர்லாந்தில் கொடும் பஞ்சம் நிலவியது. ஏறத்தாழப் பத்து இலட்சம் பேர் மாண்டனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். கேரிகள் இங்கிலாந்து, அமெரிக்கா, கனடா, ஆஸ்திரேலியா எங்கும் பரவிய வழி பெரும்பாலும் இதுவே. பஞ்சத்திற்கு முன்னே சென்றோரும் உளர். 1760இல் டப்ளினில் பிறந்த மேத்யூ கேரி, 1784இல் பிலடெல்பியா சென்று, அமெரிக்காவின் முன்னோடிப் பதிப்பாளருள் ஒருவரானார். இன்று அப்பெயரைத் தாங்குவோர் தாய்நாட்டில் இருப்பதைவிட வெளிநாடுகளில் மிகுதி.

ஆயினும் கேரி என்று கேட்டவுடன் ஐரிஷ்காரர் என்று முடிவு கட்டிவிடக்கூடாது. இங்கிலாந்தின் சாமர்செட் மாவட்டத்தில் கேரி என்றோர் ஆறு ஓடுகிறது. அதனருகே காசில் கேரி என்னும் ஊர் உண்டு. தெவன் மாவட்டத்திலும் கேரி என்னும் இடப்பெயர் உண்டு. இவ்விடங்களிலிருந்து கிளைத்த ஆங்கிலக் கேரிகள் தனிக்குடியினர். முதலாம் எலிசபெத்து அரசியின் உறவினராய், சேக்சுபியரின் நாடகக் குழுவைப் புரந்த ஹென்றி கேரி ஆங்கிலக் கேரியே. வங்காளத்துச் செராம்பூரில் அச்சுக்கூடமும் கல்லூரியும் கண்ட வில்லியம் கேரியும் (1761 – 1834) இங்கிலாந்தில் பிறந்தவரே. பாடகி மரியா கேரியின் கதையோ இன்னும் வியப்புக்குரியது. அவர் தாயார் ஐரிஷ் வழியினர். ஆனால், கேரி என்னும் பெயர் அவ்வழியில் வந்ததன்று. வெனிசுவேலாவிலிருந்து நியூயார்க் வந்த தந்தைவழிப் பாட்டனார், நூனெஸ் என்னும் தம் பெயரை விடுத்துக் கேரி என்று சூட்டிக்கொண்டார்.

எனவே, துரையும் கருப்பன் பேரன்தான் என்னும் என் மேடைப் பேச்சை நான் கைவிட வேண்டியதாயிற்று. ஆங்கிலேயர் ஒருவரின் பெயருக்கு ஆற்றுப் பெயரே அண்மையான வேர். அது ஆங்கிலேயர் வருமுன்னரே அந்நாட்டில் வாழ்ந்த கெல்டியர் காலத்துப் பெயர் என்பர். அவ்வாறாயின், இத்தீவின் பெயரும் வென்றவர்களின் மொழியில் தங்கிவிட்ட வெல்லப்பட்டவர்களின் சொல்லே. மா மெரி மக்களிடம் இதனைச் சொன்னால் அவர்கள் புன்னகைக்கக் கூடும்.

குடிப்பெயர் இல்லாமை நமக்குக் குறையா? இல்லை என்பதே என் கருத்து. சாதியைப் பெயரின் வாலாகச் சுமப்பதினும் தந்தை பெயரோடு நிற்பது மேல். ஆனால், ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஓர் ஐரிஷ் கேரி தன் பெயரைக் கொண்டே ஆயிரம் ஆண்டு பின்னோக்கித் தேடப் புறப்படலாம். வழியில் ஏமாறினாலும் புறப்பட ஒரு வாயில் உண்டு. டப்ளின் ஆவணக் காப்பகம் 1922இல் தீக்கிரையாகி, பழைய குடிக்கணக்குகள் பெரும்பாலும் சாம்பலானபின்னரும், நில வரிப் பட்டியல்களில் அப்பெயரை அவர்கள் தேடிக் கண்டுபிடிக்கின்றனர். நம் பெயரோ பாட்டனோடு முடிந்துவிடுகிறது. தோட்டம் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, செக்ரோல்கள் குப்பைக்குப் போனபின், பாட்டனுக்கு அப்பால் நமக்குப் பற்றிக்கொள்ள ஏதுமில்லை.

இதனால், முதலாம் ஆண்டுப் பதிவின்போது நான் ஒரு கூடுதல் தாள் கொடுத்து வருகிறேன். பிள்ளை, தந்தை, பாட்டன், பூட்டன் என நான்கு கோடுகள். பக்கத்தில் தாய்வழிக்கும் நான்கு. சட்டம் கேட்காத தாள். பெற்றோர் சிலர் சலித்துக்கொள்வர். பெரும்பாலான தாள்களில் மூன்றாம் கோட்டோடு எழுத்து நின்றுவிடும். கேரி என்றால் என்ன என்று கேட்ட மாணவனின் தம்பி அடுத்த ஆண்டு சேர்ந்தான். அவன் பாட்டி அருகில் நின்று சொல்லச் சொல்லத் தாயார் எழுதினார். தந்தைவழி நான்காம் கோட்டிற்கு வந்தபோது பாட்டி நெடுநேரம் யோசித்தார். பெயர் வரவில்லை. "துறையூர்ப் பக்கம்னு சொல்லுவாங்க" என்றார். தாயார் என்னைப் பார்த்தார். அதையே எழுதச் சொன்னேன்.