காபி மெஷினும் எங்க ஊரு போர் தண்ணியும்

எங்க வேப்பனப்பள்ளி பக்கம் போர் தண்ணியில காபி மெஷின் ஓட்டுறவங்களா நீங்க? அப்ப இந்தப் பதிவு உங்களுக்குத்தான் மக்களே.

1908-ல ஜெர்மனியில, டிரெஸ்டன் நகரத்து வீட்டம்மா மெலிட்டா பென்ட்ஸ், காபியில கசடு வருதேன்னு பித்தளைக் குவளையில ஆணியால ஓட்டை போட்டு, பையன் நோட்டுல இருந்த மை ஒத்துற தாளை உள்ளே போட்டு வடிச்சாங்க. அட, தாளை எடுத்துட்டா நம்ம பித்தளை பில்டர்தானே! அந்தம்மா காப்புரிமையும் வாங்கிட்டாங்க. 1954-ல அதே நாட்டுல விகோமாட் வந்துச்சு. கரண்ட்டுல தானா வடிக்கிற மெஷின்.

வில்லங்கமே அந்தத் தண்ணி சூடாகுற குழாய்லதான். உப்புத் தண்ணி கொதிக்கக் கொதிக்க உள்ளே சுண்ணாம்பு படியும், வழி சுருங்கும். முதல்ல கடகடன்னு சத்தம், அப்புறம் சொட்டுச் சொட்டா, கடைசியில ஒண்ணுமே வராது. போன மாசம் நம்ம வீட்டுலயும் அதே கதை. ரிப்பேர் கடைக்காரர், "புதுசு வாங்கிக்கோங்க சார்"னுட்டார். மனசு கேக்கலை. ஒரு பங்கு வினிகர், ரெண்டு பங்கு தண்ணி ஊத்தி, பாதி ஓடினதும் நிறுத்தி அரைமணி நேரம் ஊறவிட்டேன். மிச்சத்தையும் ஓடவிட்டு, நல்ல தண்ணியில மூணு தடவை அலசினேன். வெள்ளை வெள்ளையா உதிர்ந்து வந்துச்சு பாருங்க, மறுநாள் காலையில காபி ரெடி!

பில்டர்ல ஓட்டை அடைச்சா அம்மா தணல்ல காட்டித் தட்டுவாங்க, அஞ்சே நிமிஷம். மெஷினைத் தணல்ல காட்டிடாதீங்க சாமி :-)